நடுவர் தீர்ப்பு தவறாகத் தோன்றும்போது: அமெச்சூர் கால்பந்து அணிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆட்டம் முடிய 5 நிமிடம் இருக்கிறது. கார்னரில் வந்த பந்து நான்கைந்து கால்களில் பட்டுக் கோல் கோட்டின் மேல் விழுகிறது. டிஃபெண்டர் ஒருவர் அதை உதைத்து வெளியே தள்ளுகிறார். "கோல்!" என்று ஒரு பக்கம் கத்துகிறது. "உள்ளே போகவே இல்ல!" என்று மறுபக்கம். நடுவர் பெனால்டி ஏரியாவின் விளிம்பில் நிற்கிறார், அவர் பார்வையை மறைத்தபடி முன்னால் பத்துப் பதினைந்து பேர். திரும்பப் போட்டுப் பார்க்க வீடியோ கிடையாது. கொடி பிடித்திருக்கும் லைன்ஸ்மேன் ஏதாவது ஓர் அணியின் மாற்று ஆட்டக்காரர். அமெச்சூர் கால்பந்தின் தகராறுகள் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் தொடங்குகின்றன.

கேப்டன், கோச், ஆட்டக்காரர், நடுவர், வெளியே நின்று பார்ப்பவர் என எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே கோபம் தலைக்கேறிய பிறகு மரியாதையைத் தேடினால் கிடைக்காது. யார் பேசுவது, எப்போது பேசுவது, எதைப் பற்றிப் பேசுவது என்று முதல் விசிலுக்கு முன்பே முடிவு செய்துவைத்த அணி, தவறான தீர்ப்பைக்கூடத் தாங்கிக்கொண்டு ஆடும். அப்படி எதையும் பேசிவைக்காத அணி சரியான தீர்ப்புக்கே சண்டைக்குப் போகும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த முன்னேற்பாட்டைப் பற்றியவைதான்.

படி 1: எதைக் கேள்வி கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

கால்பந்தின் விதிகளை எழுதுவது 1886-இல் தொடங்கப்பட்ட ஐ.எஃப்.ஏ.பி. என்ற சர்வதேச வாரியம். மொத்தம் 17 விதிகள். நடுவரின் அதிகாரத்தைப் பற்றியது 5-ஆவது விதி. ஆட்டத்தில் நடந்த சம்பவங்களைப் பற்றி நடுவர் எடுக்கும் முடிவு இறுதியானது, கோல் விழுந்ததா இல்லையா என்பதும் அதில் அடக்கம் என்று அது சொல்கிறது. அந்த முடிவை எல்லோரும் மதிக்க வேண்டும் என்பதும் விதிப் புத்தகத்திலேயே இருக்கும் வாசகம்தான், யாரோ சொன்ன அறிவுரை இல்லை.

ஆனால் நடுவர் தன் முடிவை மாற்றவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். தவறு என்று அவருக்கே தெரிந்தால், அல்லது லைன்ஸ்மேன் சொல்லிப் புரிந்தால், ஆட்டம் மறுபடி தொடங்கும் வரை மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரீ கிக் உதைக்கப்பட்டுவிட்டால், த்ரோ-இன் உள்ளே வந்துவிட்டால் கதவு மூடிவிட்டது. அதன் பிறகு எவ்வளவு கத்தினாலும், சரியான வாதமாகவே இருந்தாலும், அவரால் எதுவும் செய்ய முடியாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பத்து நிமிடம் அவர் பின்னாலேயே நடந்து வாதாடும் கேப்டன்கள் ஏராளம்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. "அது ஃபவுலா?" என்பது சம்பவத்தைப் பற்றிய கேள்வி. "ஃபவுலுக்கு இந்தத் தண்டனைதான் தர வேண்டுமா?" என்பது விதியைப் பற்றிய கேள்வி. முதலாவதில் நடுவர் கண்ணால் பார்த்ததே முடிவு. இரண்டாவதில் அவர் விதியையே தவறாகப் பயன்படுத்தியிருந்தால், போட்டியை நடத்துபவர்களிடம் முறையிட வழி இருக்கலாம்.

2005 செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் மோதின. உஸ்பெகிஸ்தானுக்குப் பெனால்டி கிடைத்து, பந்தும் வலைக்குள் போனது. உதைக்கும் முன்பே சக ஆட்டக்காரர் ஒருவர் பெனால்டி ஏரியாவுக்குள் நுழைந்துவிட்டதை நடுவர் சரியாகவே கவனித்தார். அப்படியானால் அன்றைய விதிப்படி பெனால்டியை மறுபடி உதைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அவரோ பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். கண் பார்த்ததில் பிழை இல்லை, விதியில்தான் பிழை. உஸ்பெகிஸ்தான் 1-0 என ஜெயித்திருந்தும் முறையிட்டது. ஃபிஃபா அந்த ஆட்டத்தை முழுவதுமாக மறுபடி ஆடச் சொன்னது. உஸ்பெகிஸ்தானில் நடந்த மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் நடந்த அடுத்த ஆட்டம் 0-0. எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. முறையிட்ட அணிதான் வெளியேறியது. புகார் எழுத உட்காரும் எந்த நிர்வாகியும் முதலில் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

படி 2: அடிக்கடி சண்டை வரும் விதிகளை அணி முழுவதும் படிக்க வேண்டும்

மைதானத்தில் வரும் வாக்குவாதங்களில் பாதிக்கு மேல் விதி தெரியாததால் வருபவை என்பது என் அனுபவம். நடுவருக்கு எதிராகக் கத்துபவர், தொலைக்காட்சி வர்ணனையில் கேட்டதைத்தான் பெரும்பாலும் விதியாக நினைத்துக்கொண்டிருக்கிறார். சீசன் தொடங்கும் முன் ஒரு மாலை ஒதுக்கி, கீழே உள்ளவற்றை அணியோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஆஃப்சைடு. எதிரணிப் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிரணி ஆட்டக்காரரையும் தாண்டிக் கோலுக்கு அருகே நிற்பதுதான் ஆஃப்சைடு இடம். பந்தைச் சக ஆட்டக்காரர் உதைக்கும் அந்த நொடியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு, பந்து உங்களிடம் வந்து சேரும்போது எங்கே இருந்தீர்கள் என்பது இல்லை. சொந்தப் பாதியில் நின்றால் ஆஃப்சைடு கிடையாது. கோல் கிக், த்ரோ-இன், கார்னர் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கும் கிடையாது. கடைசிக்கு முந்தைய எதிரணி ஆட்டக்காரருக்குச் சமமாக நின்றால் அதுவும் ஆஃப்சைடு இல்லை. அக்குளின் அடிமட்டத்திலிருந்து விரல் வரை உள்ள கை கணக்கில் வராது. ஆஃப்சைடு இடத்தில் சும்மா நிற்பது குற்றமும் இல்லை. பந்தைத் தொட்டாலோ, கோல் கீப்பரின் பார்வையை மறைத்தாலோ, எதிரணியை வேறு வகையில் பாதித்தாலோதான் விசில்.

இதை ஒற்றை ஆள் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபார்வர்டு விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கோலை நோக்கி ஓடுகிறார். ஆஃப்சைடு பொறி வைக்க டிஃபெண்டர் அதே வேகத்தில் எதிர்த்திசையில் வருகிறார். இருவருக்கும் இடையே உள்ள தூரம் விநாடிக்கு 14 மீட்டர் மாறுகிறது. பாஸ் கொடுத்தவரின் காலிலிருந்து கண்ணைத் திருப்ப நடுவருக்குப் பத்தில் ஒரு விநாடி ஆனாலும், அதற்குள் நிலைமை 1.4 மீட்டர் மாறிவிட்டது. நீங்கள் "ஒரு அடிதான்" என்று சண்டை போடுகிறீர்கள். அவர் கண்ணுக்கு அந்த ஒரு அடி எட்டவே எட்டாது.

ஹேண்ட்பால். பந்து கையில் பட்டாலே ஃபவுல் என்பது பரவலான தவறான நம்பிக்கை. வேண்டுமென்றே கையால் தொட்டால் குற்றம். உடலின் அசைவுக்குத் தேவையில்லாமல் கையை விரித்து, உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கி வைத்திருக்கும்போது பட்டாலும் குற்றம். கோல் அடிப்பவரின் சொந்தக் கையில் தற்செயலாகப் பட்டு நேராகவோ உடனடியாகவோ கோல் விழுந்தால் அந்தக் கோல் செல்லாது. சக ஆட்டக்காரர் கையில் தற்செயலாகப் பட்டு, பிறகு வேறொருவர் அடித்தால் கோல் செல்லும். 2021-இல் இந்தப் பகுதி மாற்றப்பட்டது. பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு வாதாடுபவர்கள் இன்னும் நிறையப் பேர். "ஹேண்ட்ஸ்! ஹேண்ட்ஸ்!" என்று கை தூக்கிக் கத்தும் முன் இந்த நான்கு வரிகள் நினைவில் இருந்தால் போதும்.

"பந்தைத்தான் சார் எடுத்தேன்." மைதானத்தில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். பந்தை முதலில் தொட்டால் ஃபவுல் இல்லை என்று விதிப் புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. சவால் எப்படி இருந்தது என்பதைத்தான் நடுவர் பார்க்கிறார். கவனமில்லாமல் செய்திருந்தால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு வரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் செய்திருந்தால் மஞ்சள் அட்டை. அளவுக்கு மீறிய பலத்தோடு, அடிபடும் அபாயம் வரும்படி செய்திருந்தால் சிவப்பு அட்டை. பந்தைச் சுத்தமாக எடுத்துவிட்டு, அதே வேகத்தில் எதிராளியின் கணுக்காலில் காலைப் பதித்தாலும் சிவப்பு வரலாம்.

கோல் கோடு. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்ட வேண்டும். பந்தின் குறுக்களவு சுமார் 22 செ.மீ. அதனால் பந்து கோட்டுக்கு உள்பக்கம் 10 செ.மீ. தள்ளித் தரையில் பட்டிருந்தாலும், அதன் விளிம்பு மேலே கோட்டின் மீதேதான் இருக்கும். கோல் இல்லை. "தரையில உள்ளதான் பட்டுச்சு, மண்ணுல தடம் இருக்கு" என்று காட்டுவது இதனால்தான் சாட்சியாகாது. பெனால்டி ஏரியாவின் கோடு அந்த ஏரியாவைச் சேர்ந்தது. கோட்டின் மேல் ஃபவுல் நடந்தால் பெனால்டிதான்.

அட்வான்டேஜ், அதாவது ஃபவுலுக்கு ஆளான அணிக்குச் சாதகமாக ஆட்டத்தை நிறுத்தாமல் விடுவது பற்றிச் சுருக்கமாக. நடுவர் இரு கையையும் முன்னால் நீட்டினால் ஃபவுலைக் கவனித்துவிட்டார் என்று பொருள், கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார் என்று பொருள் இல்லை. சில விநாடிக்குள் அந்தச் சாதகம் கைகூடாவிட்டால் திரும்ப வந்து ஃப்ரீ கிக் கொடுப்பார். அதனால் அந்த நேரத்தில் நின்று கத்தாமல் ஆடிக்கொண்டே இருங்கள்.

படி 3: கிக்-ஆஃபுக்கு முன் 5 நிமிடச் சந்திப்பு

நடுவர், இரு கேப்டன்கள், இரு கோச்சுகள் ஒன்றாக நின்று பேசும் இந்த 5 நிமிடம் பல இடங்களில் டாஸ் போடுவதோடு முடிந்துவிடுகிறது. அது பெரிய இழப்பு. என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதையே பின்பற்றுங்கள் என்பேன்.

முதலில், கொடி பிடிப்பவர்களின் வேலை என்ன என்று தெளிவாகக் கேளுங்கள். அணிகளிலிருந்து வரும் லைன்ஸ்மேன் பந்து வெளியே போனதை மட்டும் காட்டுவாரா, ஆஃப்சைடுக்கும் கொடி தூக்குவாரா? தூக்கினால் நடுவர் அதை அப்படியே ஏற்பாரா, தன் பார்வையோடு சேர்த்து முடிவு செய்வாரா? இதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டால், "கொடி தூக்கினாரே, ஏன் விசில் ஊதல?" என்ற சண்டை பாதி அப்போதே அடங்கிவிடும்.

அடுத்து, நடுவரிடம் பேசப்போவது யார் என்று சொல்லுங்கள். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரை அணுகலாம் என்ற நடைமுறை கண்டிப்பாக அமலானது. மற்றவர்கள் நெருங்கினால் மஞ்சள் அட்டை. அதற்கு ஈடாக, முக்கிய முடிவுகளைக் கேப்டனுக்கு நடுவர் விளக்குவார். கோல் கீப்பரே கேப்டனாக இருந்தால், களத்தில் உள்ள இன்னொருவரை முன்கூட்டியே பெயர் சொல்லிவைக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் இருந்தது. உங்கள் லீக்கில் இது கட்டாயமாக இல்லாவிட்டாலும், இரு அணிகளும் சம்மதித்தால் அன்றைய ஆட்டத்துக்கு வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை.

தற்காலிக வெளியேற்றம் அமலில் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இளையோர், மூத்தோர், அடித்தட்டுக் கால்பந்தில் இதைப் பயன்படுத்த விதிகள் 2017 முதல் இடம் தருகின்றன. இங்கிலாந்தின் அடித்தட்டு லீக்குகளில் 2019-20 சீசனிலிருந்து, நடுவரை எதிர்த்துப் பேசி மஞ்சள் அட்டை வாங்கினால் 90 நிமிட ஆட்டத்தில் 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். இந்தத் தண்டனை எனக்குப் பிடித்திருக்கிறது. வெறும் மஞ்சள் அட்டையின் சூடு பல நேரம் அன்றைக்குத் தெரிவதில்லை. 10 நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆடும் அணியோ, தன் வாயாடியைத் தானே அடக்கிவிடும்.

படி 4: விசிலுக்குப் பிந்தைய 10 விநாடி

தவறான தீர்ப்பு வந்துவிட்டது, அல்லது அப்படித் தோன்றுகிறது. கேப்டனாக இல்லாத ஆட்டக்காரருக்கு வேலை ஒன்றுதான்: நடுவருக்கு எதிர்த்திசையில் நகர்ந்து தன் இடத்துக்குப் போவது. இதில் மரியாதை மட்டுமில்லை, ஆட்டமும் அடங்கியிருக்கிறது. நான்கு பேர் நடுவரைச் சூழ்ந்து நிற்கும்போது எதிரணி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று எடுத்துவிட்டால், காலியாகக் கிடக்கும் அந்த நான்கு இடங்களின் வழியாகத்தான் கோல் வரும்.

கேப்டன் நடந்து போகட்டும், ஓடிப் போக வேண்டாம். கைகளைக் கீழே வைத்துக்கொள்ளட்டும். மூன்றடி தள்ளி, நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்கட்டும். முகத்துக்கு முகம் நின்றால் வெளியே இருப்பவர்கள் கண்ணுக்கு அது சண்டையாகவே தெரியும், அவர்களும் கத்தத் தொடங்குவார்கள். பேச்சு இவ்வளவு போதும்:

"சார், அந்த ஃபவுல் எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"உங்க ஆறாம் நம்பர் முதல்ல முதுகுல கை வெச்சுத் தள்ளிட்டார். அப்புறம்தான் பந்தை எடுத்தார்."

"எங்களுக்குத் தோளோடு தோள் மாதிரி தெரிஞ்சுது சார்."

"நான் நின்ன பக்கத்திலேர்ந்து கை தெரிஞ்சுது."

"சரி சார். பசங்ககிட்ட சொல்றேன்."

இதில் கேப்டன் தன் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தான் பார்த்ததைச் சொன்னார், காரணத்தைக் கேட்டுக்கொண்டார், திரும்பினார். "சொல்றேன்" என்றதைச் செய்வதும் அவர் கடமை. ஆறாம் நம்பரிடம் போய், "கையை வைக்காதே, அவர் அதைத்தான் பார்க்கிறார்" என்று சொன்னால் அடுத்த ஃபவுல் தவிரும். தீர்ப்பை ஏற்கிறீர்களோ இல்லையோ, அன்றைக்கு அந்த நடுவர் எதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார் என்ற தகவல் கையில் கிடைத்துவிட்டது. நல்ல கேப்டன்கள் இதற்காகவே கேட்கிறார்கள்.

வேண்டாதவையும் உண்டு. "முதல் பாதியில அவங்களுக்குக் கொடுக்கலையே" என்று பழைய கணக்கைத் திறக்காதீர்கள். "எத்தனை காசு வாங்கினீங்க?" என்ற மாதிரிப் பேச்சு எதிர்ப்பு என்ற எல்லையைத் தாண்டி அவமதிப்பாகிவிடும். எதிர்ப்பைச் சொல்லாலோ செயலாலோ காட்டினால் மஞ்சள், அவமதிக்கும் வார்த்தைக்குச் சிவப்பு. செயல் என்பதையும் கவனியுங்கள். கையைத் தட்டிக் கிண்டல் செய்வது, பந்தைத் தரையில் ஓங்கி அடிப்பது, இல்லாத அட்டையைக் கையால் தூக்கிக் காட்டுவது எல்லாம் ஒரு சொல்கூடப் பேசாமலே மஞ்சள் அட்டை வாங்கித் தருபவை. 2019 முதல் கோச்சுகளுக்கும் இதே அட்டைகள்தான்.

கோச் களத்துக்குள் வராமல், தன் எல்லைக்குள் நின்று, இடைவேளையில் கேட்கட்டும். அவர் ஒரு சொல் உரக்கக் கத்தினால் அணி அதைப் பத்துச் சொல்லாக்கும்.

படி 5: நடுவரின் பக்கம்

மரியாதை ஒருவழிப் பாதை இல்லை. நடுவர் என்ற பெயரில் அதட்டலும் அலட்சியமும் காட்டுபவர்களையும் பார்த்திருக்கிறோம். அவர்களால் கெடும் ஆட்டங்களின் பழியை ஆட்டக்காரர்கள் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

நடுவருக்கு முதல் வேலை ஓடுவது. 40 மீட்டர் தூரத்திலிருந்து ஊதிய சரியான விசிலைவிட, 10 மீட்டரில் நின்று ஊதிய சந்தேகமான விசிலுக்கு எதிர்ப்பு குறைவாக வரும். பக்கத்தில் நின்றார் என்பதையே ஆட்டக்காரர்கள் பாதிச் சமாதானமாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்தது விசிலின் ஓசை. சின்ன த்ரோ-இன்னுக்கும் பெனால்டிக்கும் ஒரே மாதிரி ஊதக் கூடாது. பெரிய முடிவை உரக்க, நீட்டி ஊதி, கையை உடனே காட்டுங்கள். தயங்கித் தயங்கி எழும் கை, வாக்குவாதத்தைத் தானே அழைத்துவரும்.

முடிவு புரியும்படி இருக்க வேண்டும் என்பதிலிருந்துதான் அட்டைகளே பிறந்தன. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதியபோது, ஜெர்மானிய நடுவருக்கும் அர்ஜென்டினா கேப்டன் ராட்டினுக்கும் பொது மொழி இல்லை. வெளியேற்றப்பட்ட ராட்டின் போக மறுத்து நின்றார், ஆட்டம் குழம்பியது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு, நடுவர்களைக் கவனித்துவந்த கென் ஆஸ்டன் போக்குவரத்து விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு என்ற யோசனைக்கு வந்தார். 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முதலாகப் பயன்பட்டன.

பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். "என் பார்வை மறைஞ்சிருந்தது, பார்க்காததுக்கு நான் ஊத முடியாது" என்று கேப்டனிடம் சொல்வதால் நடுவரின் மதிப்பு குறைவதில்லை. பொய்யான உறுதிதான் மதிப்பைக் கெடுக்கும். அதைவிட மோசமானது ஈடுகட்டல். ஒரு பெனால்டியைத் தவறாகக் கொடுத்துவிட்டோம் என்ற உறுத்தலில் மறுபக்கம் ஒன்றைத் தேடிக் கொடுத்தால், ஒரு தவறு இரண்டாகும், இரு அணிகளும் நம்பிக்கை இழக்கும்.

நிலைமை முற்றினால் மூன்று கட்டமாகச் செயல்படுங்கள். ஆட்டத்தை நிறுத்தி, இரு கேப்டன்களையும் கோச்சுகளையும் அழைத்து எச்சரியுங்கள். அடங்காவிட்டால் இரு அணிகளையும் தங்கள் பக்கம் அனுப்பிச் சில நிமிடம் இடைநிறுத்துங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் கைவிடுங்கள். மூன்றுக்கும் 5-ஆவது விதியில் அதிகாரம் இருக்கிறது. யாராவது உங்கள் மேல் கை வைத்தால் முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டி நேரே மூன்றாவதுக்குப் போங்கள். எந்த ஆட்டமும் அதற்கு மேல் தொடரத் தகுந்தது இல்லை.

படி 6: உண்மையைத் தெரிந்தவர் சொல்லிவிடுவது

பந்து கடைசியாக யார் மேல் பட்டு வெளியே போனது என்று நடுவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பட்டவருக்குத் தெரியும். அமெச்சூர் ஆட்டத்தில் கேமராவின் இடத்தை நிரப்பக்கூடியது அவர் நேர்மை ஒன்றுதான்.

2012 செப்டம்பரில் இத்தாலிய லீக்கில் நாபோலியை எதிர்த்து ஆடிய லாட்சியோவின் மிரோஸ்லாவ் க்ளோஸ, தன் கையில் பட்டுத்தான் பந்து உள்ளே போனது என்று நடுவரிடமே சொன்னார். கோல் ரத்தானது. லாட்சியோ அந்த ஆட்டத்தில் 3-0 எனத் தோற்றது. நேர்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்க வேண்டாம் என்பதற்காகத்தான் கடைசி வரியையும் சேர்த்துச் சொல்கிறேன். 1997 மார்ச்சில் ஆர்சனலுக்கு எதிராக லிவர்பூலின் ராபி ஃபவுலர் கீழே விழுந்து எழுந்தவுடன், கோல் கீப்பர் தன்னைத் தொடவே இல்லை என்று கைகாட்டி மறுத்தார். ஏற்கெனவே கொடுத்த பெனால்டியை நடுவர் மாற்றவில்லை. ஆட்டக்காரர் சொன்னாலும் ஏற்பதா வேண்டாமா என்பது நடுவர் கையில் இருக்கிறது. சொல்வதோடு உங்கள் கடமை முடிந்தது.

விதிப்படி சரியாக இருந்தும் நியாயமாக இல்லாத தருணங்களும் வரும். 1999 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில், அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கட்டும் என்று ஷெஃபீல்டு யுனைடெட் பந்தை வெளியே உதைத்தது. ஆர்சனல் அதை வழக்கப்படி எதிரணிக்கே த்ரோ-இன்னில் திருப்பித் தந்தபோது, அந்த வழக்கம் புரியாத ஆர்சனலின் கானு ஓடிப்போய் எடுத்துக் கொடுக்க, சக ஆட்டக்காரர் ஓவர்மார்ஸ் கோல் அடித்துவிட்டார். கோலைச் செல்லாது என்று சொல்ல நடுவருக்கு விதியில் இடமே இல்லை. ஆர்சனலின் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் தானாகவே மறு ஆட்டத்துக்கு முன்வந்தார். அதே மாதத்தில் மறுபடி ஆடி, அதே 2-1 கணக்கில் ஜெயித்தார்கள். நடுவரால் சரிசெய்ய முடியாததை இரு அணிகளால் சரிசெய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

படி 7: கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

இளையோர் ஆட்டங்களில் நடுவரே 15, 16 வயதுப் பிள்ளையாக இருப்பதுண்டு. பெற்றோர் வீசும் ஒரு சொல்லுக்காக அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராமல் போனால், அதற்கடுத்து ஆட்டம் நடத்த ஆள் இருக்காது. அணி நிர்வாகம் ஒருவரை இதற்கென்றே பொறுப்பாக நியமித்து, பார்ப்பவர்களைக் கோட்டிலிருந்து சில மீட்டர் தள்ளி நிறுத்தட்டும். யாராவது எல்லை மீறினால் நடுவர் தனியாகச் சமாளிக்கக் கூடாது. அந்த அணியின் கோச்சை அழைத்துச் சொல்ல வேண்டும், கோச்தான் தன் ஆட்களை அடக்க வேண்டும்.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு துயரம் பதிவாகியிருக்கிறது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், இளையோர் ஆட்டமொன்றில் தன் மகனின் கிளப்புக்காகக் கொடி பிடித்த தன்னார்வலரை ஆட்டம் முடிந்ததும் எதிரணி இளைஞர்கள் அடித்தனர். மறுநாள் அவர் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்நாட்டின் அமெச்சூர் ஆட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஆட்டத்தில் எழும் கோபத்தை லேசாக எடுத்துக்கொள்ளும் எந்த நிர்வாகியும் இதை அறிந்திருக்க வேண்டும்.

படி 8: ஆட்டம் முடிந்த பிறகு

இறுதி விசில் ஊதியதும் கேப்டனும் கோச்சும் நடுவருக்குக் கை கொடுக்க வேண்டும். மனம் ஒப்பாவிட்டாலும் கொடுங்கள், வாதம் வேண்டாம். காரணம் கேட்க வேண்டுமென்றால் அரை மணி நேரமாவது கழியட்டும். கேட்பவர் ஒருவராக இருக்கட்டும். நடுவர் பேச விரும்பாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

செல்போனில் எடுத்த வீடியோவை உடனே பரப்பும் பழக்கம் இப்போது பெரிய தீங்காக வளர்ந்திருக்கிறது. கோட்டுக்குச் சாய்வாக நின்று எடுத்த படத்தில் ஆஃப்சைடு தெரியவே தெரியாது, கோணம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். அதை வைத்து ஒரு தனிமனிதரின் முகத்தை ஊருக்குக் காட்டித் திட்டுவது அநியாயம். வீடியோ இருந்தால் லீக் நிர்வாகத்துக்கு மட்டும் அனுப்புங்கள், அவர்கள் ஏற்கும் பட்சத்தில்.

எழுத்தில் புகார் கொடுப்பதென்றால் முதலில் படி 1-க்குத் திரும்பிப் போங்கள். இது சம்பவத்தைப் பற்றியதா, விதியைப் பற்றியதா? சம்பவம் என்றால் முடிவு மாறாது, நேரத்தை வீணாக்க வேண்டாம். விதி தவறாகப் பயன்பட்டது என்றாலோ, யாராவது அவமதித்தார், அடித்தார், பாகுபாடாகப் பேசினார் என்றாலோ எழுதுங்கள். போட்டி விதிகளில் புகாருக்கான காலக்கெடுவும் கட்டணமும் இருக்கும், அதை அன்றிரவே பார்த்துவிடுங்கள். கடிதத்தில் தேதி, ஆட்டம், நிமிடம், அப்போதைய கோல் நிலவரம், நடந்தது, நடுவர் கொடுத்த முடிவு, அதற்குப் பொருந்தும் விதியின் எண், சாட்சிகள் ஆகியவை வரிசையாக வரட்டும். "நடுவர் பாரபட்சமாக நடந்தார்" என்ற வரியை எழுதத் தோன்றினால், அதற்குக் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அடித்துவிடுங்கள். அந்த ஒரு வரி, மீதிக் கடிதத்தின் நம்பகத்தையும் கெடுத்துவிடும்.

நடுவரும் அன்றே தன் அறிக்கையை எழுதிவிட வேண்டும். சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதுங்கள். "தகாத வார்த்தை பேசினார்" என்று மட்டும் எழுதினால் விசாரிப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

படி 9: அதே நடுவர் மறுபடி வரும்போது

அமெச்சூர் லீக்குகளில் நடுவர்கள் குறைவு. தகராறு நடந்த நாலாவது வாரத்திலேயே அதே முகம் மைதானத்தில் நிற்கும். கேப்டன் முதலில் போய் வணக்கம் சொல்லட்டும். பழைய ஆட்டத்தைப் பற்றி நடுவராகப் பேச்செடுத்தால் மட்டும் பேசுங்கள்.

1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் அடித்த கோலை அனுமதித்தவர் துனிசியாவின் அலி பென்னாசர். 2015-இல் துனிசியாவுக்குப் போன மரடோனா அவர் வீட்டுக்கே சென்று, கையெழுத்திட்ட ஜெர்சி ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கோலால் பயன்பெற்றவர் போனது எளிது என்று சிலர் சொல்லலாம். அதே மாதிரி ஒரு முடிவால் தோற்றுப்போன அணியும் நடுவரைத் தேடிப் போய்ப் பேச முடியும், சீசன் முடிவில் நடக்கும் கூட்டங்கள் அதற்கு நல்ல இடம். சில லீக்குகள் சீசன் முடிந்ததும் கேப்டன்களையும் நடுவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, அந்த ஆண்டின் சிக்கலான முடிவுகளைப் பெயர் குறிப்பிடாமல் பேசவைக்கின்றன. உங்கள் லீக்கில் அப்படி இல்லையென்றால் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கூடவே, ஒவ்வொரு அணியிலிருந்தும் இருவர் அடிப்படை நடுவர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதையும் சேருங்கள். முதலில் கேப்டனையும், அணியில் அதிகம் வாதாடும் ஆளையும் அனுப்புங்கள். நட்பு ஆட்டங்களில் விசிலை அவர்கள் கையில் கொடுத்து 90 நிமிடமும் ஓடவிடுங்கள்.